மூன்றாவது மாடியில் மரகதம்

மழை பெய்தால் ஏரி என்றும் வெயில் அடித்தால் நகர் என்றும் பேர் மாற்றிக்கொள்கிற ஓர் இடம் தாம்பரத்துக்குத் தெற்கே இருந்தது. இன்னும் இருக்கிறது, அடுத்த மழை வரும்வரைக்கும் இருக்கும். அதற்குக் குபேர நகர் என்று பெயர் சூட்டியவர் பில்டர் சக்கரபாணி. அவர் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையச் சந்தனமுமாக வந்து இறங்கி, கோரை முளைத்த சேற்றில் மூலைக்கு ஒரு கல்லாக நட்டு, நடுவில் ஒரு பெரிய தட்டியை நிறுத்தினார். தட்டியில் நாலு மாடிக் கட்டடம் இருந்தது, கட்டடத்துக்கு முன்னால் நீலக் குளம் இருந்தது, குளத்தோரம் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பந்து விளையாடிக்கொண்டிருந்தது, மேலே இரண்டு புறாக்கள் பறந்துகொண்டிருந்தன. புறாவுக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை என்று சக்கரபாணி வருகிறவர்களிடமெல்லாம் கேட்காமலே சொன்னார்; அவர் நேர்மையானவர் என்ற பேச்சு அப்படித்தான் பரவியது.

அந்தத் தட்டியின் முன்னால் நின்று, மூன்றாவது மாடியில் வலது பக்கத்து ஜன்னலை விரலால் தொட்டு, "இது நம்மது" என்று சொன்னவன் தயாபரன். குக்கர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கூட நின்றவள் அவன் மனைவி பூங்கோதை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் வாடகை வீட்டிலேதான் இருந்தார்கள். ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் மாடியில் ஒரு வீட்டுக்காரம்மா இருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்காரம்மாவும் சாவியைக் கொடுக்குமுன் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்; தெரு மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த வார்த்தை மட்டும் மாறவில்லை.

"சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

இப்போதைய வீட்டுக்காரம்மா காந்திமதி அதில் தேர்ந்த கை. பூங்கோதை கீழே டீக்கு இஞ்சி தட்டினால் மாடியிலிருந்து குரல் வரும்: "என்னம்மா அது சத்தம், ஆணியா?"

"இஞ்சிம்மா!"

"இஞ்சின்னா மெதுவாத் தட்டு. ஆணி மாதிரியே கேக்குது."

பூங்கோதைக்குச் சொந்த வீடு என்றால் குளமும் இல்லை, புறாவும் இல்லை. ஓர் ஆணி. அவ்வளவுதான். அவள் அப்பா கண்டக்டர் வேலாயுதம், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் என்று அந்த ரூட் முழுக்கப் பேர் எடுத்தவர். காலைப் பார்த்தால் விழுந்துவிடுவோம், ஏறுகிற ஆளைப் பார்த்தால் விழமாட்டோம் என்று பெருமை அடித்துக்கொள்வார். ரிட்டயர் ஆனபோது வந்ததை அப்படியே மகள் வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, சாவி வருமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். காக்கிச் சட்டையில் அவர் நிற்கிற பெரிய போட்டோ ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அமாவாசைக்கு அமாவாசை வெளியே எடுத்து, கேஸ் சிலிண்டர்மேல் சாய்த்து, மாலை போட்டு, வடை படைத்து, மறுபடி படுக்க வைப்பார்கள். வாழ்நாளெல்லாம் நின்ற மனுசனைச் செத்தபிறகு படுக்கப் போட்டுவிட்டோமே என்று ஒவ்வோர் அமாவாசையும் பூங்கோதை சட்டத்தைத் துடைத்துக்கொண்டே நினைப்பாள். சொந்தச் சுவர் வரட்டும், முதல் வேலையாக அப்பாவை நிமிர்த்திவிடுவேன் என்று சொல்லிக்கொள்வாள்.

இப்படியிருக்க, ஜோசியர் தயாபரன் ஜாதகத்தைப் பார்த்து, வைகாசி மாசம் இருக்கிற ஒரே ஒரு முகூர்த்தத்தை விட்டால் குரு பெயர்ந்துவிடுவார், அப்புறம் அவர் திரும்பிப் பார்க்க வெகுகாலம் ஆகும் என்று சொன்னார். தயாபரன் அன்றைக்கே பத்திரிகை அடித்துவிட்டான். பத்திரிகையோடு குபேர நகருக்குப் போய்ப் பார்த்தால் வீட்டின் இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது, பள்ளத்தில் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் கொக்கு நின்றது. புறாவுக்குப் பதில் கொக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பத்திரிகை அடிச்சாச்சா?" என்றார் சக்கரபாணி.

"சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுத்தாச்சு சார். வைகாசிக்குள்ள சாவின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லலியே. ஆனா ஒண்ணு சார், முகூர்த்தத்தத் தள்ளாதீங்க. வேற எதுலயும் முன்னப்பின்ன ஆகலாம், முகூர்த்தத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"வீடே இல்லியே சார்."

"வீடு வந்துரும். குரு போனா வருவாரா?"

அதில் நியாயம் இருப்பதாகத் தயாபரனுக்குப் பட்டது. பத்திரிகை அடித்துவிட்ட மனுசனுக்கு எல்லாவற்றிலும் நியாயம் தெரியும்.

ஆகவே வைகாசி மாசத்து விடிகாலையில், பள்ளத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்து, இது ஹால், இது சமையல்கட்டு, இது சாமி ரூம் என்று சக்கரபாணியின் ஆள் காட்டிக்கொண்டே போக, பட்டுப்புடவைகள் கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்தன. கோட்டை மிதித்த ஒரு குழந்தைக்கு, "சுவத்துல ஏறாதடா" என்று அடி விழுந்தது. செங்கல்லில் பால் பொங்கியது. ஐயர் மந்திரத்தின் நடுவே தலையைத் தூக்கி, "மூணாவது மாடின்னு சொன்னேளே?" என்றார்.

"மேல இருக்கு" என்றான் தயாபரன்.

ஐயர் மேலே பார்த்தார். அவர் பார்க்காத கிரகப்பிரவேசம் இல்லை. "பாவனை போதும். ஆனா பாவனையில குறை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

அடுத்தது கோமாதா. பட்டம்மாவின் பசு மரகதமும் அதன் கன்றும் மஞ்சள் குங்குமத்தோடு வந்து நின்றன. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மரகதம் வலதுகால் வைக்காத புதுவீடு கிடையாது. மார்பிள் பார்த்திருக்கிறது, கிரானைட் பார்த்திருக்கிறது, லிஃப்டில்கூட ஒருமுறை போயிருக்கிறது. அதற்கென்று இருந்தது பட்டம்மா வீட்டுப் பின்னால் ஒழுகுகிற தகரக் கொட்டகை. அதைச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓட்டினால் முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தபோது தயாபரன் கையை உயர்த்தினான்.

"கீழ இல்ல. கார் நிறுத்தற எடத்துல மாட்ட நிக்கவச்சுட்டு கிரகப்பிரவேசம்னு சொல்லிக்கறவன் நான் இல்ல. என் வீடு மூணாவது மாடி. மாடு மூணாவது மாடிக்குப் போகணும்."

பட்டம்மா வெற்றிலையைத் துப்பினாள். இதைவிடக் கிறுக்கான வீட்டுக்காரர்களையும் அவள் கண்டிருந்தாள். மரகதத்தின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "ஏ மரகதம், மூணாவது மாடியாம். போ" என்றாள்.

மரகதம் வலது முன்காலைத் தூக்கி வைத்தது. அடுத்து இடது கால். சுண்ணாம்பில் மாடிப்படி என்று போட்டிருந்த இடத்தில் ஏறி, படி திரும்புகிற இடத்தில் திரும்பி, முதல் மாடியில் கொஞ்சம் மூச்சு வாங்கி, இரண்டாவது மாடியில் வாலால் ஈ ஓட்டி, பின்னால் கன்று துள்ளித் துள்ளி வர, மூன்றாவது மாடிக்குப் போய், வலது பக்க வீட்டு வாசலில் கொம்பு இடிக்காமல் தலையைச் சாய்த்து உள்ளே நுழைந்து, ஹாலின் நடுவில் நின்று அசைபோட ஆரம்பித்தது. அதன் குளம்புக்கும் பள்ளத்துத் தண்ணீருக்கும் நடுவே ஆகாசம் இருந்தது.

பந்தலில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தயாபரனின் சித்தப்பா மாடு நின்ற திசையைக் கணித்து, "வாசல் வடக்கு பாத்திருக்கு, நல்லதுதான்" என்றார். மாடு மூக்கைத் திருப்பிய பக்கம்தான் சமையல்கட்டு, ஆகவே அது அக்னி மூலையில் சரியாக அமைந்திருக்கிறது என்று அத்தை முடிவு செய்தாள். "காத்தோட்டம் இருக்கு, வால் எப்படி ஆடுது பாரு" என்றார் ஒருவர். பிறகு பொங்கல் ஆறிவிடும் என்று சமையல்காரர் சத்தம் போடவே இலைக்குப் போனார்கள்.

பூங்கோதை மட்டும் போகவில்லை. வீட்டுக்காரி மாட்டுக்குக் கொடுக்க வேண்டிய அகத்திக்கீரைக் கட்டு அவள் கையிலேயே இருந்தது.

"பட்டம்மா, எப்ப எறங்கும்?"

"வீட்டுக்காரி வீட்டுக்குள்ள நின்னு, கையால கீரையக் குடுத்து, 'போய்ட்டு வாடி தாயே'ன்னு சொல்லணும். அதுவரைக்கும் எறங்காது. அது பழக்கம் அப்படி."

"நான் எப்பிடி அங்க போறது?"

"அது உங்க வூடு. என்னக் கேட்டா?"

பூங்கோதை முந்தானையைச் செருகிக்கொண்டு மரகதம் கால் வைத்த அதே இடத்தில் கால் வைக்கப் போனாள். "பாத்து, பாத்து!" என்று தயாபரன் கத்தினான். அவள் பார்த்தாள். பார்த்த கால் சேற்றில் இறங்கியது.

*

அதற்குப் பிறகு நடந்ததில் புதுமை ஒன்றும் இல்லை. பட்டம்மா பள்ளத்தின் ஓரத்தில் சவுக்குக் கழி நட்டுச் சாரம் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் ஏறி, வைக்கோல் போட்டுப் பால் கறந்து வந்தாள். தூசி படாத உயரத்தில் கறந்த பால் என்று சொல்லி அவள் விலையைக் கூட்டினாள். சுற்றியிருந்த நகர்களிலிருந்தெல்லாம் மூன்றாவது மாடிப் பாலுக்குத் தூக்கோடு வந்து நின்றார்கள், அந்தப் பாலில் காபி போட்டால் நாக்குக்கே ஒரு உயரம் தெரிகிறது என்று சொன்னார்கள். மரகதத்துக்குப் பால் வற்றிய பிறகும் மூன்றாவது மாடிப் பால் தட்டில்லாமல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பட்டம்மாவை யாரும் கேட்கவில்லை.

சக்கரபாணி தட்டியை மாற்றினார். வெள்ளைக்காரக் குழந்தை போய் மரகதம் வந்தது, கீழே கொட்டை எழுத்தில் "மூன்றாவது மாடி குடியேறிவிட்டது, நீங்கள்?" என்று எழுதியிருந்தது. வங்கியிலிருந்து கட்டடம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துப்போக வந்தவர் பள்ளத்தைப் பார்த்து முகம் சுளித்தார், அப்புறம் மேலே பார்த்து முகம் மலர்ந்தார். மாடு நிற்கிறதென்றால் தளம் தாங்குகிறது என்றுதானே அர்த்தம் என்று சொல்லிவிட்டு அடுத்த தவணையைச் சக்கரபாணிக்கு விடுவித்தார். வீட்டுவரி போட வந்தவர், "குடியிருப்பு உண்டா?" என்று கீழே நின்று கேட்டார். மரகதம் "ம்மா" என்றது. வரி வந்தது.

சண்டையும் வந்தது. தயாபரன் வீட்டுக்கு நேர் கீழே இரண்டாவது மாடியை வாங்கியிருந்தவர் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஜெபமணி சார். ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் ஓரமாக வந்து நின்றார்.

"தயாபரன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு மாட்டு மூத்திரம் எங்க ஹால் சீலிங்ல எறங்குது."

"எந்த சீலிங் சார்?"

"வரப்போற சீலிங்தான். வந்தப்புறம் சொன்னா, அப்பவே ஏன் சொல்லலன்னு கேப்பீங்க."

"சார், பிளானப் பாருங்க. மாடு நிக்கறதுக்கு நேர் கீழ உங்க ஹால் இல்ல, பாத்ரூம். பாத்ரூம்ல தண்ணி விழுந்தா என்ன?"

"பாத்ரூமா? என் பாத்ரூமப் பத்திப் பேச நீங்க யாரு?"

இரண்டு பேரும் பிளானைச் சேற்றில் விரித்து, இல்லாத சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, குரல் கேட்டு நகரே கூடுகிற அளவுக்கு இரைந்தார்கள். அன்றுதான் குபேர நகருக்கு வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்று வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. வீடு வருமுன் சங்கம் வந்தது. ஜெபமணி சார் தலைவர், தயாபரன் செயலாளர்.

காந்திமதியம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள்: "பூங்கோதை, உன் வீட்டுக்கு மாடு குடி போயிடுச்சாமே. நீ எப்பம்மா?" பூங்கோதை இஞ்சியை ஓங்கித் தட்டுவாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் மட்டும் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு குபேர நகருக்குப் போனாள். மேலே பார்த்து நிற்பாள். மரகதம் கீழே பார்க்காது. கீரை வாடியதும் திரும்பி வந்துவிடுவாள்.

*

பிறகு கட்டடம் எழுந்தது. எழாமல் இருக்க முடியாத அளவுக்கு வாங்கியவர்களின் பேச்சு காரமாகிவிட்டிருந்ததால் சக்கரபாணி எழுப்பினார். தூண் வந்தது, தளம் வந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக மாடி வந்தது. கன்று கிடேரியாகிக் கொம்பு முளைத்திருந்த சமயம் மூன்றாவது மாடியின் தளம் மரகதத்தின் காலடிக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததா என்றால் அதுதான் இல்லை. தளம் ஒரு முழங்கால் உயரம் கீழேயே நின்றுவிட்டது. சிமெண்டு காய்ந்து, டைல் ஒட்டி, ஜன்னல் மாட்டி, சுவருக்கு வர்ணம் அடித்த பிறகும் மரகதம் டைலுக்கு முழங்கால் உயரத்துக்கு மேலேயே நின்று அசைபோட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். நாலு மாடி என்று சொன்ன அதே உயரத்தில் சக்கரபாணி ஐந்து மாடியை நுழைத்திருந்தார். ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் கொஞ்சம் அமுக்கினால் ஒரு மாடி கிடைக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்று சொன்ன இடத்தில் அட்டை மாதிரி ஒரு சுவர் நின்றது. மின்விசிறி போட்டால் உயரமானவர்கள் குனிந்து போனார்கள். எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் தெரிந்ததைச் சொல்ல ஒரு மாடு மட்டும்தான் இருந்தது.

சங்கம் கூடியது. சக்கரபாணி சந்தனம் கமழ எழுந்து, "கட்டடம் கரெக்டா இருக்கு. மாடுதான் மேல போயிருக்கு" என்றார்.

"இருக்கும்" என்றார் ஜெபமணி சார். "வெறும் வைக்கோல் தின்னா வயித்துல வாயு சேரும். வாயு தூக்கும்."

"வாயுதான்" என்று கூட்டம் ஆமோதித்தது. பின்வரிசையில் இருந்த பூங்கோதை எழுந்தாள்.

"மரகதம் அன்னைக்கு நின்ன எடத்துலதான் நிக்குது. நம்ம வீடுதான் எறங்கிடுச்சு."

கூட்டத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தயாபரனைப் பார்த்தார்கள். அவன் அவள் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"வாய மூடு. நாளைக்கு விக்கணும்னா யார் வாங்குவான்? வீடு சின்னதுன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. மாடு நின்னா எல்லாருக்கும் தெரியும்."

"விக்கவா வாங்கினோம்?"

"வாங்கறது எல்லாம் எதுக்கு?" என்றான் தயாபரன். அவனும் ஒரு காலத்தில் தட்டியின் ஜன்னலை விரலால் தொட்டவன்தான்.

மாடு தவறான உயரத்தில் நிற்கிறது என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஆவணிக்குள் மரகதத்தை அப்புறப்படுத்துவது, தேவைப்பட்டால் கால்களைக் கட்டி பால்கனி வழியாகக் கிரேனில் இறக்குவது என்று முடிவாயிற்று. பட்டம்மா வந்து, "கயித்தக் கட்டினா அது காலு ஒடையும்யா" என்று வாசலில் நின்று கத்தினாள். சங்க உறுப்பினர் அல்லாதவர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்று செயலாளர் சொன்னான்.

*

தயாபரனும் பூங்கோதையும் குடிபோனார்கள். காந்திமதியம்மா விடைகொடுக்கும்போது சுவரெல்லாம் தடவிப் பார்த்து, ஒரு ஓட்டைகூட இல்லை என்று கண்டு, "உன்ன மாதிரி குடித்தனம் இனிமே கெடைக்காது" என்று மனசாரச் சொன்னாள்.

புதுவீட்டில் சாமான் இறக்கிய கையோடு பூங்கோதை சுத்தியலை எடுத்தாள். ஹாலில், வாசலுக்கு எதிர்ச் சுவரில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஆணியை வைத்து ஓர் அடி அடித்தாள். ஆணி காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு சுலோசனா வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க ஆணி எங்க பெட்ரூம்ல வந்துடுச்சு." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "நல்லவேள, அவர் ஆபீஸ் போயிட்டார். தலமாட்டுலதான் விழுந்துச்சு."

அன்று மாலையே செயலாளர் கையெழுத்தோடு, தயாபரனின் கையெழுத்தோடு, லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: கட்டடத்தின் நலன் கருதி எந்த உரிமையாளரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

பூங்கோதை அதை இரண்டு தடவை படித்தாள். கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். தயாபரன் சமாதானமாக ஒட்டுக் கொக்கி ஒன்று வாங்கிவந்து சுவரில் ஒட்டிப் போட்டோவை மாட்டினான். கண்டக்டர் வேலாயுதம் ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை நின்றார். பிறகு கொக்கி, வர்ணம், கொஞ்சம் சுவர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு கீழே விழுந்தார். கண்ணாடி உடைந்து சிதறியது.

"சரி, இப்போதைக்கு பீரோவுலயே வை" என்றான் தயாபரன். "மாமா எங்க போயிடப் போறார்?"

பூங்கோதை உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி எடுத்தாள். ஹாலின் நடுவில், டைலுக்கு மேலே, மரகதம் ஒருதரம் காதை ஆட்டியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிரேன் வருகிற நாளும் அதுதான். காலையிலேயே கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. தயாபரன் கயிறு வாங்கப் போயிருந்தான். பூங்கோதை தலைக்குக் குளித்து, வாசலில் கோலம் போட்டு, அகத்திக்கீரைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கி, சுத்தியலை இடுப்பில் செருகி, ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்பாவின் போட்டோவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். பெரிய போட்டோ. அது மறைத்ததில் அவளுக்குத் தன் கால் தெரியவில்லை. "பாத்து" என்று சொல்லவும் ஆள் இல்லை. மரகதத்தின் கண்ணைப் பார்த்துக்கொண்டே காலைத் தூக்கி வைத்தாள். கால் பதிந்தது. சிமெண்டு தளம்தான், காலைக் குளிர்ச்சியோடு, கொஞ்சம் சொரசொரப்பாக. அடுத்த காலையும் வைத்தாள்.

அங்கேயிருந்து பார்த்தால் ஹால் பெரிதாக இருந்தது. சக்கரபாணி முதலில் சொன்ன ஒன்பது அங்குலச் சுவர் ஒரு சாண் முன்னால் நின்றது, தொட்டால் கனமாக இருந்தது. அவள் ஆணியை வைத்து அடித்தாள். ஆணி மறுத்தது. மறுபடி அடித்தாள். நல்ல செங்கல் ஆணியை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ளுமோ அப்படி ஏற்றுக்கொண்டது. செந்தூள் அவள் புறங்கையில் உதிர்ந்தது. அடித்த சத்தம் ஐந்து மாடிக்கும் கேட்டது. ஜெபமணி சார் தன் வீட்டு சீலிங்கைப் பார்த்து, "ஆணி!" என்று கூவினார்.

போட்டோவை மாட்டி, கோணல் பார்த்து நிமிர்த்தினாள். கட்டிய சுவருக்கு ஒரு சாண் முன்னால், ஹாலின் வெறும் காற்றில், கண்டக்டர் வேலாயுதம் எதையும் பிடிக்காமல் நின்றார்.

பிறகு கீரையைப் பிரித்து மரகதத்துக்கு ஊட்டினாள். அது நிதானமாகத் தின்றது, நாக்கால் அவள் கையைச் சுத்தமாக நக்கியது. "போய்ட்டு வாடி தாயே" என்றாள் பூங்கோதை.

மரகதம் திரும்பியது. கிடேரி பின்தொடர வாசலைத் தாண்டி மாடிப்படியில் இறங்கியது. ஏறியபோது இருந்த படியில்தான் இறங்கியது, கட்டிய படியில் இல்லை. ஆகவே மூன்றாவது மாடிக்காரர்கள் தங்கள் படிக்கு முழங்கால் உயரத்துக்கு மேலே அதன் குளம்பைப் பார்த்தார்கள், இரண்டாவது மாடிக்காரர்கள் ஒரு சாணுக்கு மேலே பார்த்தார்கள், முதல் மாடிக்காரர்கள் அரைச் சாணுக்கு மேலே பார்த்தார்கள்; அவரவருக்கு எவ்வளவு போயிற்று என்று அவரவர் வாசலில் தெளிவாகக் காட்டிக்கொண்டு மரகதம் போக, ஒவ்வொரு கதவாக உள்ளே தாழ் போட்டுக்கொண்டது. கீழே வந்ததும் அதன் குளம்பு ஏரிச் சேற்றில் சளக்கென்று பதிந்தது. பட்டம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வாடி, சிட்லபாக்கத்துல ஒரு வூடு காத்துக்கினு இருக்கு" என்று ஓட்டிப்போனாள்.

கயிறும் கையுமாகத் தயாபரன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். பின்னால் சங்கம் வாசலோடு நின்றது. மாடு இல்லாத இடத்தில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள், அவன் தலைக்கு மேலே அவள் தலை இருந்தது.

"மாடுதான் போயிடுச்சே. எறங்கு பூங்கோதை. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் இறங்கவில்லை. இல்லாத இடத்தில் இருந்த கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவனைக் கீழே பார்த்தாள். அவன் பயந்துபோய், சமாதானத்துக்கு வேறென்ன செய்வது என்று தெரியாமல், விழுந்து கிடந்த ஒட்டுக் கொக்கியைக் குனிந்து எடுத்தான்.

"கீழ் போர்ஷன்ல நீங்க தாராளமா இருந்துக்கலாம்" என்றாள் பூங்கோதை, நல்ல குடித்தனக்காரரிடம் பேசுகிற தணிந்த குரலில். "ஆனா சொல்லிட்டேன். சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."